கணக்கில் வராத பத்தாயிரம்

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் பிள்ளைகளே. தெரியாமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீடு ஒட்டி நிற்கிற ஐந்தாம் நம்பர் லயத்தில் போன வருஷம் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். பயப்படாமல் கேட்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு போத்தல் மட்டும் உடைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வீரம்மா செய்தியை அவிழ்த்துவிட்டாள். ராகலை டவுனிலிருந்து மறுநாள் ஒரு பெண்பிள்ளை வருகிறதாம். வீடு வீடாக உட்கார்ந்து, மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகுமாம்.

"மிச்சம் பிடிக்கிறோம்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்கடி," என்றாள் வீரம்மா. "அப்புறம் நிவாரணக் காசு நின்னு போயிரும். கேட்டா சைபர்னு சொல்லுங்க. எல்லாரும் ஒரே மாதிரி சைபர்."

வீரம்மா சொன்னால் அந்த லயத்தில் அது சட்டம். பன்னிரண்டு வீட்டுக்காரிகளும் குடத்தோடு சேர்த்துச் சைபரையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதில் ஒருத்தி சண்முகவடிவு. நாற்பத்தொன்பது வயது. மகள் சுதர்ஷினி பூண்டுலோயாவில் வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு வீட்டில் அவளும் புருஷன் செல்லசாமியும் மட்டும்தான். சண்முகவடிவு கொழுந்தில் கை வைத்தால் கண் இமைப்பதற்குள் கூடை நிறையும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வருஷமாக வலது முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. மலையில் ஏறிவிடுவாள். இறங்கும்போதுதான் உயிர் போய் வரும். கொழுந்து நிறை குறைகிற நாளில் அரைப்பேர் போட்டுவிடுவார்கள், பாதி நாள் சம்பளம்தான். "இன்னும் ஆறு மாசம் தாங்குமா இந்தக் கால்?" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

மலையை விட்டு இறங்க அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்திருந்தது. அந்த வழிக்கு நாலு கால், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி.

ராகலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ரிஸ்வி நானா வீட்டுக் கொட்டிலில் நின்ற பசு அது. வாரத்தில் இரண்டு பின்நேரம் சண்முகவடிவுதான் அதற்குப் புல்லுக்கட்டு கொண்டுபோய்ப் போடுவாள். 'சுட்டி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே மாடு தலையைத் தூக்கும். இப்போது வயிற்றில் எட்டு மாதம். கொட்டிலை இடித்துக் கடையைப் பெரிதாக்கப் போவதால் ரிஸ்வி நானா அதை விற்க முடிவு செய்திருந்தார். விலை இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். இறம்பொடையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கையில் காசோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒனக்குக் குடுக்கத்தான் தங்கச்சி எனக்கு விருப்பம்," என்றிருந்தார் ரிஸ்வி நானா. "ஞாயித்துக்கெழம பகல் தொழுகைக்கு முந்திக் காசக் கொண்டா. அதுக்குப் பொறகு நிப்பாட்டி வைக்க ஏலாது."

சண்முகவடிவிடம் எண்பத்து நாலாயிரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிலோக் கணக்கில் கொழுந்தெடுத்தால் அன்றைக்கே கையில் கொடுப்பார்களே, அந்தக் கைக்காசு. கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்று பழசாகிக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதன் விளிம்பைப் பிரித்து, நோட்டுகளை மடித்து வைத்து, மறுபடி தைத்துவிடுவாள். ஆம்பிளைகள் எதை வேண்டுமானாலும் தொடுவார்கள், படங்கைத் தொடமாட்டார்கள்.

செல்லசாமியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காரணம் சனிக்கிழமை. சனிக்கிழமை பின்நேரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செல்லசாமி டவுனுக்கு இறங்குவார். இருட்டும்போது கோயில் வளைவில் அவர் பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு கால் கிழக்கே போகும், மறுகால் மேற்கே போகும். சண்முகவடிவு வாசலில் நின்று லயத்துக்கே கேட்கத் திட்டித் தீர்ப்பாள். பிறகு சோற்றுத் தட்டை எட்டவே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அப்படிப்பட்ட மனிதனிடம் எண்பத்து நாலாயிரத்தை எப்படிச் சொல்வது?

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

வந்த பெண்ணின் பெயர் ஹப்ஸா. இருபத்திரண்டு வயது, சிரித்த முகம், கையில் பலகை மாதிரி, தொட்டு எழுதுகிற ஒரு டெப். காலையிலிருந்து பத்து வீடு முடித்துப் பத்து சைபர் வாங்கியிருந்தாள். பதினோராவது வீடு இது. பன்னிரண்டாவது வீட்டுக்காரனான அழகன் தன் முறைக்காக வாசற்படியில் வந்து குந்திக்கொண்டான். அழகன் செல்லசாமிக்கு அக்காள் மகன். சனிக்கிழமைகளில் நிஜமாகவே குடிக்கிறவன்.

செல்லசாமி வெளுத்த சட்டையோடு டவுனுக்குப் போகத் தயாராகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சண்முகவடிவு ஹப்ஸாவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

வருமானம் சுலபமாக முடிந்தது. இரண்டு பேர் சம்பளம், செல்லசாமி பின்நேரங்களில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கொத்துகிற கூலி, ஞாயிற்றுக் கொழுந்து, எல்லாம் சேர்த்து மாதம் ஐம்பத்தெட்டாயிரம். செலவும் ஒவ்வொன்றாக வந்தது. அரிசி, மா, கறி சாமான், கரண்ட் பில், கோயில் சந்தா, மகள் கல்யாணக் கடன், கால் வலிக்கு மருந்து. நாற்பத்தெட்டாயிரம். குடியை மட்டும் இரண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை. வந்த பிள்ளை முன்னால் வெட்கம்.

"சேமிப்பு?" என்றாள் ஹப்ஸா.

"சைபர்," என்றாள் சண்முகவடிவு.

"சைபர்," என்றார் செல்லசாமி.

"சைபர்தான்," என்றான் வாசற்படியிலிருந்து அழகன், கேட்காமலே.

ஹப்ஸா அமுக்கினாள். டெப் 'டிங்' என்று சத்தம் போட்டுச் சிவப்பாகிவிட்டது.

"ஐயோ, ஒத்துப்போகல. ஐம்பத்தெட்டு வருது, நாப்பத்தெட்டு போகுது. மிச்சம் பத்தாயிரம் எங்கன்னு கேக்குது அக்கா."

"அது எதுக்குக் கேக்குது?" என்றாள் சண்முகவடிவு.

"இது சொல்லாம அடுத்த பக்கம் தொறக்காதக்கா."

"மத்த வீட்டுல எல்லாம் தொறந்துச்சே?"

"அவங்கல்லாம் செலவக் கூட்டிச் சொல்லிட்டாங்க போல," என்று சொல்லி ஹப்ஸா தன் சிரிப்பைத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சண்முகவடிவுக்குப் புரிந்தது. பத்தாயிரத்தைச் செலவழித்தாக வேண்டும், அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே.

"தேங்கா விட்டுப்போச்சு புள்ள. மாசம் முப்பது தேங்கா போடு."

"ரெண்டு பேருக்கு முப்பது தேங்காயா?"

"இவரு சம்பல் நெறையாத் திம்பாரு."

"நானா?" என்றார் செல்லசாமி.

"பேசாம இருங்க. சவுக்காரம் ஒரு பத்துக் கட்டி போடு புள்ள."

"பத்துக் கட்டியா!" அழகனால் பொறுக்க முடியவில்லை. "அத்தே, மாமா சட்டையப் பாத்தா அது நம்பாது."

டெப் ஒன்றையும் நம்பவில்லை. முப்பது தேங்காய் என்றதும் அதற்கும் ஒரு 'டிங்'. சண்முகவடிவுக்கு வியர்த்தது. இப்படியே போனால் இந்தப் பெட்டி கதவுக்குப் பின்னால் தொங்குகிற படங்கு வரைக்கும் மோப்பம் பிடித்துவிடும் என்று பயந்துபோனாள். வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையையே எடுத்து வீசினாள். உண்மை என்றுதான் அவள் நினைத்தாள்.

"குடிக்கிறாரு புள்ள. மாசம் பத்தாயிரத்துக்கும் குடிச்சே தீத்துருவாரு. எழுதிக்க, கணக்கு முடிஞ்சு போகும்."

"பத்தாயிரமா!" செல்லசாமி எழுந்தே விட்டார். "அநியாயமாப் பேசாத வடிவு. வாரம் ஆயிரத்தி ஐந்நூறு. மாசம் ஆறாயிரந்தான்."

"பத்து."

"ஆறு!"

"சண்ட வேணாம்," என்றாள் ஹப்ஸா. "இதுல எவ்வளவு வாங்குறீங்க, என்ன வெலன்னு தனித்தனியா கேக்குது. அண்ணே, நீங்களே சொல்லுங்க. வாரத்துக்கு எத்தன?"

"அரைப் போத்தல் ரெண்டு."

"ஒன்னு என்ன வெல?"

"எழுநூத்தி அம்பது," என்றார் செல்லசாமி, கொஞ்சமும் தயங்காமல்.

வாசற்படியில் குந்தியிருந்த அழகன் எழுந்து நின்றான்.

"எழுநூத்தம்பதா? மாமா! எந்தக் கடையில? அந்த வெலைக்கு இப்ப மூடிகூடத் தரமாட்டாங்களே! இத்தன நாளா சொல்லாம தனியாவே போய் வாங்கிக்கிட்டு இருக்கீங்களே, ஒங்களுக்கு நல்லா இருக்கா? சொல்லுங்க, இப்பவே வாரேன்!"

செல்லசாமி கட்டில் விளிம்பில் மறுபடி உட்கார்ந்தார்.

"அது... பழைய கடை," என்றார்.

"பழைய கடையும் புதுக் கடையும் ஒரே வெலதான் மாமா. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஏத்துனாங்களே, மறந்துட்டீங்களா? அதுக்குப் பொறகு நான் கால் போத்தல்தான் வாங்குறேன்."

சண்முகவடிவு நிலையிலிருந்து நிமிர்ந்தாள். அவளும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள்தானே.

"அப்ப நீங்க ரெண்டு வருசமா கடைக்கே போகல."

செல்லசாமி சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

"வாரா வாரம் ஆயிரத்தி ஐந்நூறு எடுத்துட்டுப் போறீங்க. குடிக்கலைன்னா அந்தக் காசு எங்க போகுது?" அவள் குரல் ஏறியது. "எவ வீட்டுக்குப் போகுது?"

"ஐயையோ!" செல்லசாமி காதைப் பொத்திக்கொண்டார். "வந்த புள்ள முன்னாடி என்ன பேச்சு இது! எவ வீட்டுக்கும் போகல. இந்த வீட்டுலதான் இருக்கு."

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, ஒரு கறுப்புப் பொலித்தீன் சிலிசிலிப் பையை இழுத்து வெளியே போட்டார். உள்ளே பேப்பரில் சுற்றி ஒரு முழுச் சாராயப் போத்தல். அந்தப் பையைச் சண்முகவடிவு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடு கூட்டும்போது பார்த்திருக்கிறாள். தொட்டால் கை அழுகிவிடும் என்பதுபோல் விளக்குமாற்றின் நுனியால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் கூட்டுவாள்.

பேப்பரைப் பிரித்தார்கள். போத்தலுக்குள் சாராயம் இல்லை. சுருட்டிச் சுருட்டித் திணித்த ஐயாயிரம் ரூபாய் நோட்டுகள், ஊறுகாய் மாதிரி.

எல்லோரும் போத்தலையே எட்டிப் பார்த்தார்கள். ஹப்ஸாவின் டெப்கூட வெளிச்சம் மங்கிப் படுத்துவிட்டது.

"வெல ஏத்துன அன்னைக்கே விட்டுட்டேன்," என்றார் செல்லசாமி. "அந்தக் காசக் குடுத்துக் குடிக்க எனக்கு மனசு வரல. மொத சனிக்கெழம சும்மா வந்தேன். வளைவுல ஏழு பேரு நிக்கிறாங்க. 'செல்லசாமி, குடிக்கலையா, அப்ப கையில காசு இருக்குமே, ஒரு ஐந்நூறு குடு.' இவனுந்தான் நின்னான். அன்னைக்கு வாங்குனத இன்னும் தரல."

அழகன் கூரையைப் பார்த்தான்.

"மறு வாரம் ஆடிக்கிட்டு வந்தேன். ஒருத்தனும் கேக்கல. குடிச்சவன்கிட்ட எவன் கடன் கேப்பான்? அப்படியே பழகிப்போச்சு. மழை கொட்டுன வாரம் மட்டும் காசும் எடுக்கல, எறங்கவும் இல்ல. மாசத்துக்கு ஒருக்கா ரிஸ்வி நானா கடையில பெரிய நோட்டா மாத்திக்குவேன்."

"வாட வருமே உங்க மேல?"

"பழைய கால் போத்தல் ஒன்னு இருக்கு. ஒரு சொட்டுக் காலர்ல தேச்சுக்குவேன். இன்னும் பாதி இருக்கு."

ஹப்ஸா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சண்முகவடிவு மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. நூறு சனிக்கெழம, மனுசனோட பேசாம செவுத்தப் பாத்துப் படுத்தேனே."

"சொன்னா நீ திட்டமாட்ட. நீ வாசல்ல நின்னு திட்டுனாத்தான் வடிவு லயம் நம்பும்." செல்லசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆனா சோறு எறங்காது எனக்கு. அது நெசம்."

சண்முகவடிவு கதவுக்குப் பின்னால் போய்ப் படங்கை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"ஓரத்தத் தடவிப் பாருங்க."

தடவினார். மொடமொடவென்றது. இப்போது வாயைப் பிளப்பது அவர் முறையாயிற்று.

"நீ எதுக்குடி ஒளிச்ச?"

"நீங்க குடிக்கிறீங்கன்னுதான்!"

அப்போது சிரித்தாள் பாருங்கள் கண்ணுகளா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர. செல்லசாமியும் சிரித்தார். படங்கைப் பல்லால் கடித்துப் பிரித்தார்கள். போத்தல்தான் விடவில்லை. ஈர்க்கு விட்டார்கள், கொண்டை ஊசி விட்டார்கள், நோட்டு கழுத்து வரை வந்து திரும்பிப் போனது. கடைசியில் செல்லசாமி போத்தலைச் சாக்கில் சுற்றி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டார்.

சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை போனது. "செல்லசாமி வீட்டுல போத்தல் ஒடையுது! வடிவு மண்டைய ஒடச்சிட்டான்!" என்று வீரம்மா முன்னால் ஓட, லயமே பின்னால் ஓடி வந்தது. வந்து பார்த்தால் மண்டைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நடுவில் பாய் நிறைய நோட்டு. போத்தலில் ஒரு இலட்சத்து முப்பதாயிரம், படங்கில் எண்பத்து நாலாயிரம். கண்ணாடித் தூளை ஊதி ஊதி எண்ணிக்கொண்டிருந்தாள் ஹப்ஸா.

"ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம்," என்றாள்.

சண்முகவடிவு மனசுக்குள் மாட்டு விலையைக் கழித்துப் பார்த்தாள். ஆனால் செல்லசாமி கூரையைப் பார்த்தார். அடுப்பங்கரை மூலையில் ஒழுகல் தண்ணீருக்கு வைத்த வாளி நிறைந்திருந்தது.

"புதுத் தகரம் போட்டுரலாம் வடிவு. அதுக்குத்தான் சேத்தேன்."

"எனக்கு மாடு வேணும்," என்றாள் சண்முகவடிவு. அவ்வளவு பேர் முன்னால், முதல் தடவையாக வாய்விட்டு. "ரிஸ்வி நானா வீட்டு மாடு. நாளைக்குப் பகலோட போயிரும்."

"மேல ஒழுகுது, மாடு கேக்குறியே!"

"ஒழுகுனா வாளி வைக்கலாம். கூரை பால் கறக்காது."

"மாடுன்னா புல்லு வெட்டணும், தண்ணி காட்டணும்..."

"அதெல்லாம் பின்னாடி சும்மா கெடக்குற ஆட்டுக் கொட்டில்ல சமதரையில நடக்கும். மலையில நடக்காது."

செல்லசாமி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹப்ஸாவின் காலிக் கோப்பையை எடுக்கச் சண்முகவடிவு குனிந்தாள். குனிந்தவள் நிமிர முடியாமல், ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து, மெதுவாக எழுந்தாள். தினமும் நடப்பதுதான். தினமும் அவர் அப்போது வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பார்த்துவிட்டார்.

"அழகா," என்றார். "ரிஸ்வி நானாவுக்குப் போன் போடு."

நானா போனிலேயே சிரித்தார். "வருவீங்கன்னு தெரியும். ரெண்டு வருசமா நோட்டு மாத்திக் குடுத்தது யாரு? பொண்சாதி புல்லுக்கட்டோட வந்து மாட்டோட பேசுது, புருசன் கடையில வந்து நோட்டு மாத்துறாரு. ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்க மாட்டீங்களாக்கும்? நாளைக்குக் கயிறு மட்டும் கொண்டு வாங்க."

ஹப்ஸா டெப்பைத் தட்டி எழுப்பினாள். "இப்ப சேமிப்பு எவ்வளவு போட? அண்ணன் ஆறு, அக்கா நாலு. பத்தாயிரம்." அமுக்கினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. "நூத்துக்குப் பதினேழு! அக்கா, இந்த லயத்துல இன்னைக்கு நீங்கதான் மொதல்ல சைபர் இல்லாத ஆளு."

"நிவாரணம் நின்னுருமா புள்ள?" என்று கூட்டத்திலிருந்து வீரம்மா கேட்டாள்.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. இதுல பேரே போகாது. எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் கேக்கும். பேங்க், தபால் கந்தோர், நகை..." ஹப்ஸா விரலால் தேடினாள். "படங்கு, போத்தல் எல்லாம் 'ஏனையவை'."

வீரம்மா அருகில் வந்து, எல்லோருக்கும் கேட்கிற இரகசியக் குரலில், "அப்ப எனக்கும் ஒரு ஏனையவை போட்டுரு. அரிசிப் பீப்பாவுக்கு அடியில," என்றாள். அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? ஒருத்தி சாமிப் படத்துக்குப் பின்னால் என்றாள், ஒருத்தி தலையணைக்குள் என்றாள். இருட்டுவதற்குள் பத்து சைபரில் எட்டு அழிந்துபோயிற்று.

கூட்டம் கலைந்தபின் அழகன் மட்டும் நின்றான். "மாமா, மாடு போக நாலாயிரம் மிஞ்சுதே. ஒரு ரெண்டாயிரம்..."

"பாத்தியா வடிவு? இதுக்குத்தான் ரெண்டு வருசம் ஆடுனேன்," என்றார் செல்லசாமி. "டேய், இனிமே என் காசெல்லாம் சுட்டிகிட்ட இருக்கு. அதுகிட்டயே கேளு. ஒதச்சா நான் பொறுப்பில்ல."

ஞாயிற்றுக்கிழமை பகல் தொழுகைக்கு முன்பே மாடு கைமாறியது. வயிற்றுப்பிள்ளைக்காரி என்பதால் சுட்டி மெதுவாக நடந்தது. முழங்கால் வலிக்காரிக்கும் அதே வேகம்தான். கயிற்றைப் பிடித்தபடி செல்லசாமி இரண்டு பேருக்கும் முன்னால் போய்ப் போய் நின்று காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் கோயில் வளைவில் பாட்டுச் சத்தம் கேட்டது. லயம் எட்டிப் பார்த்தது. செல்லசாமி தோளில் புல்லுக்கட்டோடு, இரண்டு காலும் ஒரே திசையில் போக, நேராக வந்துகொண்டிருந்தார். சண்முகவடிவு வாசலில் நின்றாள்.

"இப்ப என்னத்துக்குப் பாட்டு? அதான் தெரிஞ்சு போச்சே."

"பழகிப்போச்சு வடிவு. நீயும் பழக்கத்துக்கு ரெண்டு திட்டு திட்டிரு. அப்பத்தான் சாப்பிட வந்த மாதிரி இருக்கும்."

திட்டினாள். சிரிப்பு குறுக்கே வந்து வந்து, பாதியிலேயே நின்றுபோனது. அன்றைக்கு இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூலையில் வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை. நூறு சனிக்கிழமைப் பேச்சு பாக்கி இருந்ததே.